ஓவியத்தை வைத்தே பிழைக்க: ஒரு படத்திலிருந்து எத்தனை வழியில் வருமானம் எடுக்கலாம்?

கரிக்கோல்:

ஓவியரிடம் விற்க இருப்பது படம் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரே படத்துக்குள் அசல் இருக்கிறது, அச்சுப் பிரதி இருக்கிறது, அதை வேறு பொருளில் பயன்படுத்தும் உரிமை இருக்கிறது. அது போக, கேட்டதை வரைந்து கொடுக்கும் கைவேலை, அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஒவ்வொன்றும் தனி வியாபாரம், தனிக் கணக்கு. அவரவர் புனைபெயரிலேயே, நன்றாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: அளவு, விகிதம், எங்கே கெடும், ஏன் கெடும்.

அடிப்படைக் கணக்கை நான் போட்டுவிடுகிறேன். ஆண்டுக்கு 52 வாரம். காய்ச்சல், பயணம், வீட்டு விசேஷம் என்று 6 வாரம் போனால் 46. வாரத்துக்கு 40 மணி நேரம் உழைத்தாலும் தூரிகை கையில் இருப்பது 20 மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். மீதி நேரம் கடிதம், பொட்டலம், போட்டோ, பில், பொருள் வாங்குவது என்று கரைகிறது. 46 × 20 = 920. வீட்டுச் செலவு, பொருட்செலவு, வாடகை, வரி எல்லாம் சேர்ந்த ஆண்டுத் தொகையை 920-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் ஒரு மணி நேரத்தின் அடக்க விலை. 40 மணி நேரத்தை வைத்து 1,840-ஆல் வகுப்பவர்கள் முதல் நாளிலிருந்தே பாதி விலைக்கு விற்கிறார்கள், அது அவர்களுக்குத் தெரிவதே இல்லை.

கித்தான்:

அந்த மணிக்கணக்கு உங்களுக்கான அடிமட்டம். வாங்குபவரிடம் அதைச் சொல்ல முடியாது. 6 மணி நேரத்தில் முடிந்த படம் நன்றாகவும், 30 மணி நேரம் இழுத்த படம் சுமாராகவும் வந்திருக்கும். அதனால் வெளியே சொல்லும் விலை அளவை ஒட்டித்தான் இருக்க வேண்டும். அதில் இரண்டு முறை உண்டு.

ஒன்று பரப்பளவு: நீளம் பெருக்கல் அகலம். இன்னொன்று கூட்டளவு: நீளம் கூட்டல் அகலம். வித்தியாசத்தைப் பாருங்கள். 16 × 20 அங்குலப் படத்தின் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

பரப்பளவுப்படி 8 × 10 படம் 25 பங்குக்கு இறங்கும், 24 × 36 படம் 270-க்கு ஏறும்.
கூட்டளவுப்படி அதே 8 × 10 படம் 50 பங்கு, 24 × 36 படம் 167.

8 × 10 படத்துக்கு 16 × 20-இன் கால்பங்கு நேரம் ஆகாது. யோசனை, கோட்டு வரைவு, கலர் கலப்பது, கழுவுவது எல்லாம் ஏறக்குறைய அதே அளவுதான். பரப்பளவில் போட்டால் சின்னப் படம் நஷ்டத்தில் போகும், பெரிய படம் விற்காமல் சுவரிலேயே நிற்கும். அதனால் சின்னப் படங்கள் அதிகம் செய்பவருக்குக் கூட்டளவுதான் சரி. மிகப் பெரிய கித்தான் (கேன்வாஸ்) மட்டுமே செய்பவருக்குப் பரப்பளவு பொருந்தும், அங்கே சட்டகம், சாயம், இடம் எல்லாமே பரப்போடு சேர்ந்து வளர்கின்றன.

பொருட்செலவை விகிதத்துக்குள் கலக்காமல் தனியாகக் கூட்டுங்கள். தங்கத்தாள் ஒட்டிய படத்துக்கும் வெறும் கரிப்படத்துக்கும் அது ஒன்றாக இருக்க முடியாது.

இன்னொன்று. சொன்ன விலையைக் குறைக்கவே கூடாது. நேற்று முழு விலைக்கு வாங்கியவர் இன்று பாதி விலையைப் பார்த்தால் திரும்பி வரமாட்டார். விற்காத படத்தை ஓராண்டு உள்ளே வைத்து வேறு வரிசையோடு எடுங்கள். அச்சகத்திலிருந்து வரும் பிரதி போல அசலும் எல்லா இடத்திலும் ஒரே விலையில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் ஒரு விலை, கேலரியில் ஒரு விலை என்று வைத்தால் கேலரி உங்களைக் கழற்றிவிடும், அது நியாயமும்கூட.

அச்சுமை:

பிரதி விஷயத்துக்கு வர்றேன். இதில்தான் அதிகம் பேர் காசை விடுறாங்க.

எல்லாம் கோப்பில் ஆரம்பிக்குது. அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் ஏ3 தாளுக்கு 3508 × 4961 வேணும், ஏ2-வுக்கு 4961 × 7016. 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் 4000 × 3000 தான். ஏ4 தாங்கும். ஏ3-க்கு இழுத்தா தூரிகைத் தடம் மெழுகு உருகின மாதிரி குழைஞ்சிடும்.

போட்டோ எடுக்கும்போது கேமராவும் படமும் இணையா இருக்கணும், இல்லாட்டி செவ்வகம் சரிவகமாயிடும். படம் மாட்டுற இடத்தில், அதே தளத்தில் ஒட்டினாப்போல ஒரு கைக்கண்ணாடியை வைங்க. வ்யூஃபைண்டரில் பார்த்தா லென்ஸோட பிம்பம் நட்டநடுவில் தெரியணும். தெரிஞ்சா கேமரா நேரா இருக்கு. அப்புறம் கண்ணாடியை எடுத்துட்டுப் படத்தை மாட்டுங்க.

விளக்கு ரெண்டு, ரெண்டு பக்கமும் 45 பாகை, ஒரே வகை பல்பு. ஜன்னல் வெளிச்சம் கலக்கக் கூடாது, கலந்தா ஒரு பக்கம் நீலம் ஏறும். வெளிச்சம் சமமா விழுதான்னு பார்க்க மீட்டர் தேவையில்லை. ஒரு பென்சிலைப் படத்தின் மையத்தில், படத்திலிருந்து நேரா வெளியே நீட்டுற மாதிரி பிடிங்க. இடமும் வலமும் ரெண்டு நிழல் விழும். ரெண்டும் ஒரே நீளம், ஒரே கருமைன்னா சரி. ஒண்ணு வெளிறியிருந்தா விளக்கை நகர்த்துங்க.

எண்ணெய் வண்ணத்தில் பளபளப்பு வெள்ளைப் புள்ளியா விழும். ரெண்டு விளக்குக்கு முன்னாலும் ஒரே திசையில் போலரைசிங் தாள், லென்ஸில் போலரைசிங் ஃபில்டர். ஃபில்டரை மெல்லத் திருப்பினா ஒரு இடத்தில் பளபளப்பு முழுசா அணைஞ்சிடும். அடர்ந்த நீலமும் கருஞ்சிவப்பும் அப்பதான் உண்மையான ஆழத்தோட பதிவாகும்.

நீர்வண்ணத்துக்கு ஸ்கேனர் போதும், ஆனா வகை பார்த்து வாங்குங்க. மெலிசான சிஐஎஸ் ஸ்கேனரில் கண்ணாடியை ஒட்டியிருக்கிற இடம் மட்டும்தான் கூர்மையா வரும். தாள் கொஞ்சம் அலை அலையா இருந்தாலே அந்த மேடு மங்கிடும். சிசிடி வகையில் அந்தத் தொல்லை குறைவு. ரெண்டிலுமே வெளிர் கழுவல் (தண்ணி கலந்து மெலிசா பூசின நிறம்) வெள்ளையோட கரைஞ்சுபோகும். ஸ்கேன் பண்ணும்போதே தாளின் வெள்ளை உச்ச வெள்ளைக்குக் கொஞ்சம் கீழே பதியுற மாதிரி வைக்கணும், அப்புறம் மீட்க முடியாது. ஒளிரும் நியான் சாயம் சாதாரண அச்சில் வராது. அதை மையமா வெச்ச படத்தைப் பிரதிக்குத் தேர்ந்தெடுக்காதீங்க.

தாளும் மையும்: அமிலமில்லாத 100 சதவீதப் பருத்தித் தாள், சதுர மீட்டருக்கு 300 கிராம் சுற்றளவில். மை நிறமி மையா இருக்கணும். சாய மை முதல் நாள் பளிச்சுனு இருக்கும், ஆனா வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். கண்ணைப் பறிக்கிற வெள்ளைத் தாள் பெரும்பாலும் ஒளிர்ப்பி (தாளை இன்னும் வெள்ளையா காட்டுற வேதிப்பொருள்) கலந்தது. அதோட வேலை தீரத் தீரத் தாள் மஞ்சளா தெரியும். இயல்பா கொஞ்சம் பால் நிறத்தில் இருக்கிற தாளே நீடிக்கும்.

அச்சான உடனே உறையில் போடாதீங்க. மையில் இருக்கிற கரைப்பான் ஆவியாகணும். பிரதிகளுக்கு நடுவில் சாதாரணத் தாள் வெச்சு குறைஞ்சது 24 மணி நேரம் விடுங்க. அவசரப்பட்டு ஃபிரேம் பண்ணினா ரெண்டு மூணு வாரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிஞ்ச மாதிரி ஒரு மூட்டம் நிற்கும். வாங்கினவர் படமே கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்புவார்.

புதுத்தாள்:

திரையில் சரியாக இருக்கிறது, அச்சில் இருண்டு வருகிறது. கோப்பை எவ்வளவு வெளுப்பாக்கிக் கொடுத்தால் சரியாகும்?

அச்சுமை:

கோப்பைத் தொடாதீங்க, திரையைத் தொடுங்க. பெரும்பாலான திரைகள் கடையிலிருந்து வரும்போதே ரொம்ப வெளிச்சமா இருக்கும். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதே. திரையோட பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 80-இலிருந்து 120 கேண்டலாவுக்குள் கொண்டுவாங்க. அளவுக் கருவி இல்லாட்டி, அச்சடிக்கப்போற வெள்ளைத் தாளை நல்ல வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடிங்க. திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ரெண்டும் ஒரே வெள்ளையா தெரியுற வரைக்கும் பிரகாசத்தை இறக்குங்க. அதுக்கப்புறம் அச்சகத்திடம் அந்தத் தாளுக்கான ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் எந்த நிறம் எப்படி வரும்னு சொல்ற கோப்பு) கேட்டு வாங்கி, அதை வெச்சுத் திரையிலேயே முன்னோட்டம் பாருங்க. எந்த நிறம் சுருங்கும்னு அங்கேயே தெரிஞ்சிடும். பளிச் ஆரஞ்சும் மரகதப் பச்சையும்தான் வழக்கமா முதல்ல அடிவாங்கும்.

முழு அச்சுக்கு முன்னால ஒரு அங்குல அகலத்தில் ஒரு பட்டை மட்டும் அச்சடிச்சுப் பாருங்க: அதில் படத்தோட மிக இருண்ட இடம், மிக வெளிர்ந்த இடம், ஒரு தோல் நிறம் மூணும் வரணும். பகல் வெளிச்சத்தில் அசலோட ஒட்டி வெச்சுப் பார்த்த பிறகு மீதியை ஓட்டுங்க.

ஈரத்தாள்:

எண்ணிக்கைப் பதிப்பு பற்றியும் எழுதுங்களேன். 50 பிரதி என்று எழுதிவிட்டு, 50 விற்றதும் அந்தப் படம் சம்பாதிப்பதை நிறுத்திவிடுகிறது. விளக்கப்படம், வாழ்த்து அட்டை வகையில் வேலை செய்பவருக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. திறந்த பதிப்பு, அதாவது எண்ணிக்கை வரம்பில்லாதது, சிறிய அளவு, குறைந்த விலை, ஆண்டுக்கணக்கில் விற்கும்.

அச்சுமை:

ரெண்டையும் ஒரே படத்தில் வைக்கலாம், முதல்லயே சொல்லிட்டா. ஏ4 திறந்த பதிப்பு, ஏ2 மட்டும் 25 பிரதி. ஆனா அதை முதல் பிரதி விற்கிறதுக்கு முன்னாடியே பிரதியோட தர்ற சான்றிதழில் எழுதணும். பின்னாடி "இது வேற அளவு, வேற பதிப்பு"ன்னு இன்னொரு 50 போட்டா, முதல் 25 பேரையும் ஏமாத்தினதாதான் ஆகும்.

எண் போடும் முறை: படத்துக்குக் கீழே, வெள்ளை ஓரத்தில், இடப்பக்கம் 7/25, நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. எல்லாம் பென்சிலில். பென்சில் கோடு தாளில் பள்ளமா பதியும், அச்சடிச்ச கையெழுத்து அப்படிப் பதியாது. ஓவியர் பிரதின்னு தனியா வெச்சுக்கிறது பதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. மொத்தப் பதிப்பையும் ஒரே நாளில் அச்சடிக்கணும்னு இல்லை. அஞ்சு அஞ்சா எடுங்க. ஆனா முதல் பிரதியை 'இதுதான் சரி'ன்னு எழுதி உங்ககிட்டயே வெச்சுக்குங்க. அடுத்த தவணை அதோட ஒத்துப்போகலைன்னா அச்சகத்துக்குக் காட்ட ஆதாரம் வேணும்.

உரிமைப்பத்திரம்:

உரிமையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. வாழ்நாள் வருமானம் கைநழுவுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அசலை விற்பதும் பதிப்புரிமையை விற்பதும் வெவ்வேறு. பெர்ன் உடன்படிக்கையில் (பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) சேர்ந்த நாடுகளில் பொதுவாகப் படம் உருவான கணத்திலேயே பதிப்புரிமை ஓவியருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கித்தானை வாங்கியவர் அதைச் சுவரில் மாட்டலாம், மறுபடி விற்கலாம். நாட்காட்டியில் அச்சிட முடியாது. எழுத்தில் நீங்கள் கொடுத்தால் ஒழிய.

இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. லண்டனில் செதுக்கோவியர்களின் அச்சுகளைக் கடைக்காரர்கள் திருடி அச்சடித்து வந்த காலத்தில், வில்லியம் ஹோகார்த்தும் தோழர்களும் நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்து 1735-இல் சட்டம் கொண்டுவரச் செய்தார்கள். 14 ஆண்டுப் பாதுகாப்பு கிடைத்தது. சட்டம் அமலுக்கு வரும் நாள் வரை ஹோகார்த் தன் புதிய வரிசை அச்சுகளை வெளியிடாமல் நிறுத்தி வைத்திருந்தார். எதிர்ப்பக்க உதாரணம் ரவிவர்மா. 1894-இல் சொந்த அச்சகம் போட்டு, அரண்மனைக்கு அசலும் வீடுகளுக்கு வண்ண அச்சுமாக ஒரே கலையை இரண்டு சந்தைக்குக் கொண்டுபோனவர். நிர்வாகத்தில் கடன் ஏறி, சில ஆண்டுகளிலேயே அச்சகத்தைப் பல படங்களின் அச்சுரிமையோடு ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஒருவருக்கு விற்க நேர்ந்தது. அதற்குப் பிறகு வீடு வீடாகப் போன அச்சுகளின் வருமானம் உரிமையை வைத்திருந்தவருக்கே சேர்ந்தது.

ஒரு நிறுவனம் உங்கள் படத்தைக் கேட்டால், உரிமையை முழுசாக எழுதிக் கொடுக்காமல் வாடகைக்கு விடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இத்தனையும் இருக்க வேண்டும். எந்தப் பொருள்: குவளைக்கு மட்டுமா, துணிக்குமா? எந்த நாடுகள்? எத்தனை ஆண்டு? இரண்டு அல்லது மூன்று ஆண்டு நியாயம், 'நிரந்தரமாக' என்ற சொல்லைப் பார்த்தால் பேனாவைக் கீழே வையுங்கள். தனியுரிமையா, மற்றவருக்கும் கொடுக்கலாமா? தனியுரிமை என்றால் அந்தப் பொருள் வகைக்கு மட்டும். காலம் முடிந்தபின் மீதிச் சரக்கை விற்றுத் தீர்க்க எத்தனை மாதம்? கணக்கு எப்போது வரும், அதைச் சரிபார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டா?

ராயல்டி அச்சுப் பொருட்களில் பெரும்பாலும் 3-இலிருந்து 10 சதவீதத்துக்குள் நிற்கும். ஆனால் சதவீதத்தைவிட முக்கியம், அது எதன் மீதான சதவீதம் என்பது. சில்லறை விலையில் 5 சதவீதமும் மொத்த விலையில் 5 சதவீதமும் ஒன்றல்ல, மொத்த விலை அனேகமாகப் பாதிதான். 'நிகர வருமானத்தில்' என்று எழுதியிருந்தால், எதையெல்லாம் கழித்த பிறகு நிகரம் என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். விளம்பரச் செலவையும் கிடங்கு வாடகையையும் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் எதுவும் மிஞ்சாது. முன்பணம் கேளுங்கள். அது பின்னால் வரும் ராயல்டியில் கழிக்கப்படும், ஆனால் சரக்கு விற்காவிட்டால் திருப்பித் தர வேண்டியதில்லை என்று ஒரு வரி இருக்கட்டும்.

படங்களைத் தனித்தனியாகக் காட்டாமல் தொகுப்பாகக் காட்டுவது நல்லது: ஒரு முதன்மை வடிவம், அதே நிறத்தில் இரண்டு மூன்று துணை வடிவங்கள், ஒரு எளிய கோடு அல்லது புள்ளி வடிவம். துணி, பரிசுத்தாள் தயாரிப்பாளருக்கு இணைத்துப் போடச் சரக்கு வேண்டும். திரும்பத் திரும்ப வரும் வடிவம் என்றால் இணைப்பு தெரியாமல் ஓட வேண்டும். கோப்பைப் பாதி அகலம், பாதி உயரம் நகர்த்திப் பார்த்தால் தையல் நடுவில் வந்து நிற்கும், அங்கே திருத்தலாம்.

சில நாடுகளில் மறுவிற்பனை உரிமையும் உண்டு. பிரான்ஸ் 1920-இல் தொடங்கியது, ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் பொது நெறிமுறையாக்கியது. ஏலத்திலோ வணிகர் மூலமாகவோ அசல் மறுபடி கைமாறும்போது, பொதுவாக 4 சதவீதத்தில் தொடங்கி விலை ஏற ஏறக் குறையும் ஒரு பங்கு ஓவியருக்கு. ஒரு விற்பனைக்கு உச்சவரம்பு 12,500 யூரோ. தானாக வீடு தேடி வராது, வசூல் செய்யும் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும்.

ஈரத்தாள்:

கேட்டபோது அச்சிடும் தளங்கள், அதாவது சட்டை, குவளை, தலையணை உறை. சரக்கு வைக்க வேண்டாம் என்பதால் இடர் இல்லை, அதனால் ஒரு பொருளுக்கு வரும் பங்கும் சின்னதே. பத்துப் பதினைந்து படங்களைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. குறிப்பிட்ட கூட்டத்துக்கான படம்தான் ஓடும்: ஒரே பறவை இனம், ஒரே வாத்தியம், ஒரே தொழில்.

சட்டைக்கு 4500 × 5400 பிக்சல், பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பு போதும். அடிக்கடி கெடும் இடம் ஒன்று: கருப்புச் சட்டையில் அச்சிடும்போது இயந்திரம் முதலில் வெள்ளை அடிப்பூச்சு போடும். நீர்வண்ணத்தின் மங்கும் விளிம்பு, மென்மையான நிழல் இவையெல்லாம் பாதி ஒளிபுகும் பிக்சல்கள். அங்கே அடியில் உள்ள வெள்ளை பிதுங்கி அழுக்குச் சாம்பல் வளையமாகத் தெரியும். விளிம்பைக் கூர்மையாக வெட்டுங்கள், அல்லது மங்கலைப் புள்ளிகளாக மாற்றுங்கள். இரண்டும் முடியாத படத்தை வெள்ளைச் சட்டைக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

கித்தான்:

கேலரி கணக்கில் ஒரு இடத்தை யாரும் கவனிப்பதில்லை, ஃபிரேம். விற்பனை விலை 100 பங்கு, கமிஷன் 50 சதவீதம், ஃபிரேமுக்கு நீங்கள் செலவழித்தது 12 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேமைக் கழிக்காமல் பங்கு பிரித்தால் உங்களுக்கு 50 வரும், அதில் ஃபிரேம் போக 38.
ஃபிரேமை முதலில் கழித்துவிட்டுப் பிரித்தால் 88-இல் பாதி 44. ஃபிரேம் பணம் 12 தனியாகத் திரும்பி வரும்.

38-க்கும் 44-க்கும் இடையே ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் அனேகமாக ஒப்புக்கொள்வார்கள். வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கிலிருந்து, விற்ற எத்தனை நாளில் பணம், படம் அவர்கள் இடத்தில் இருக்கும்போது சேதமானால் யார் பொறுப்பு, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, இவையும் எழுத்தில் வேண்டும். 30 நாளில் பணம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. படங்கள் விற்கும்வரை உங்கள் சொத்தே என்ற வரியையும் விடாதீர்கள். கேலரி கடனில் மூழ்கினால் கடன்காரர்கள் சுவரில் இருப்பதையெல்லாம் கேலரியின் சொத்தாகத்தான் பார்ப்பார்கள்.

சுவருக்கு வாடகை வாங்கிக்கொண்டு படம் மாட்டும் இடத்தைக் கேலரி என்று எண்ணாதீர்கள். வருமானம் ஓவியரிடமிருந்தே வந்துவிட்டால் படத்தை விற்க அவர்களுக்கு அவசரம் இருக்காது.

முகச்சாயல்:

உருவப்பட ஆர்டர் எடுப்பவர்களுக்கு. முன்பணம் பாதி, வாங்கின பிறகுதான் கோடு. மீதிப் பாதி, படம் கைமாறுவதற்கு முன். படிநிலை இப்படி வைத்தால் தகராறு குறையும்: உள்ளங்கை அளவில் இரண்டு மாதிரி வரைவு, ஒன்றைத் தேர்வு செய்து எழுத்தில் ஒப்புதல், அதே அளவில் கலர் மாதிரி, மறுபடி ஒப்புதல், பிறகு அசல். கோட்டு நிலையில் இரண்டு முறை திருத்தம் இலவசம். கலர் ஏறிய பிறகு நிற்கும் நிலையை மாற்றச் சொன்னால் அது புது வேலை, தனிக் கட்டணம். ஆர்டர் கொடுப்பது குடும்பமோ குழுவோ, ஒப்புதல் தருபவர் ஒருவர்தான் என்று முதலிலேயே பேர் குறிப்பிட்டு எழுதி வாங்குங்கள். முடிகிற நேரத்தில் "அண்ணனுக்கு மூக்கு பிடிக்கலையாம்" என்று வரும் செய்தியைத் தடுக்க வேறு வழி கிடையாது.

போட்டோ பார்த்து வரைவதென்றால், ஏற்கும் முன்பு பெரிதாக்கிப் பாருங்கள். மேலிமையின் கோடும் கருவிழியில் விழும் ஒளிப்புள்ளியும் தனித்தனியாகத் தெரிகிறதா? தெரியாத போட்டோவில் கண்ணை நீங்கள் கற்பனையில்தான் வரைவீர்கள், சாயல் அங்கேயே தவறும். கைநீட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெருத்துக் காது உள்வாங்கியிருக்கும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழ, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தொழில்முறைப் போட்டோகிராபர் எடுத்த படமென்றால் அதன் உரிமை அவருடையதாக இருக்கலாம், அனுமதி வாங்கித் தருவது ஆர்டர் கொடுப்பவரின் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பாதியில் நிறுத்தினால் என்ன என்பதும் முதலிலேயே முடிவாக வேண்டும். வரைவு நிலையில் நின்றால் முன்பணம் உங்களுக்கு. அசல் தொடங்கிய பிறகு நின்றால் முடிந்த அளவுக்கு ஏற்பக் கூடுதல், படமும் உங்களிடமே.

கரிக்கோல்:

பாதி முன்பணம் பெரிய வேலைகளில் இருவருக்குமே சிரமம். மூன்று மாத வேலை என்றால் 40, 30, 30 என்று மூன்றாகப் பிரிப்பது நல்லது. நடுத்தவணை கலர் மாதிரி ஒப்புதலோடு வர வேண்டும். பணம் வராவிட்டால் வேலை அங்கேயே நிற்கும், இரண்டு பக்கமும் பெரிய நஷ்டம் இல்லை.

சாரம்:

சுவர் ஓவியத்தில் பணம் போவது கலையில் அல்ல, சுவரில். விலை சொல்லும் முன் சுவரை நேரில் பாருங்கள். ஈரம் இருக்கிறதா என்று தெரிய, 18 அங்குலச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிரித்துப் பார்த்தால் தாளின் உள்பக்கம் நீர் பூத்திருந்தாலோ சுவர் கருத்திருந்தாலோ உள்ளிருந்து ஈரம் வருகிறது. அதன் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. உப்புப் பூத்துத் தோல் உரியும், பழி ஓவியர் மேல் விழும். ஈரத்தைச் சரிசெய்வது கட்டட உரிமையாளர் வேலை, அது முடியாமல் ஆரம்பிக்காதீர்கள்.

புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் 28 நாள் காய வேண்டும். அதன் காரத்தன்மை சில நிறமிகளை வெளுக்கச் செய்யும், பெயிண்டின் பிடிப்பையும் கெடுக்கும். காரத்தைத் தாங்கும் பிரைமர் அவசியம். அக்ரிலிக் பெயிண்ட் ஒரு லிட்டர், வழவழப்பான சுவரில் ஒரு பூச்சுக்கு 8-இலிருந்து 10 சதுர மீட்டர் வரும். சொரசொரப்பான சுவரில் அதில் பாதிகூட வரலாம். 30 சதுர மீட்டர் சுவர், இரண்டு பூச்சு, வழவழப்பு என்றால் 6-இலிருந்து 7.5 லிட்டர். கொஞ்சம் கூடுதலாக எடுத்து வையுங்கள், பிறகு கலந்தால் அதே நிறம் கிடைக்காது.

வெயில் நேராக விழும் சுவரில் பளிச் மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் போகும். காவி, மண் சிவப்பு, டைட்டானியம் வெள்ளை, தாலோ நீலம் நிற்கும். நிறத் திட்டத்தையே இதைப் பார்த்துப் போடுங்கள். மூன்று ஆண்டு கழித்து வாடிக்கையாளர் அனுப்பும் போட்டோவில் முகங்கள் சாம்பலாக இருந்தால் அடுத்த சுவர் கிடைக்காது.

சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று விலை சொல்லும்போது வடிவமைப்புக் கட்டணம், சாரம், சுவர்த் தயாரிப்பு மூன்றையும் தனித்தனி வரியாகக் காட்டுங்கள். ஒரே தொகையாகச் சொன்னால் பேரம் பேசும்போது உங்கள் உழைப்பிலிருந்துதான் குறையும், சாரக்காரர் குறைக்கப்போவதில்லை.

புதுத்தாள்:

மாதச் சந்தா முறை? பேட்ரியான் என்ற சந்தாத் தளம் 2013-இல் வந்ததிலிருந்து பலர் அதிலேயே இருக்கிறார்கள்.

ஈரத்தாள்:

மாதாமாதம் வருவதால் வாடகை கட்ட உதவும். ஆனால் மாதம் ஒரு பிரதி தபாலில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அதிலேயே மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். 60 சந்தாதாரர் என்றால் 60 உறை, 60 முகவரி, தொலைந்துபோனதாக நாலு கடிதம். மாதத்தில் மூன்று நாள் அதற்கே போகும். எப்படியும் செய்கிற வேலையின் உபபொருளைக் கொடுங்கள்: படிப்படியான வரைவுகள், வேலைப் பதிவின் வீடியோ, நிறக் கலவைக் குறிப்பு. இரண்டு நிலை போதும். இல்லாத நேரத்தை விற்கும் மூன்றாவது நிலை வேண்டாம்.

முகச்சாயல்:

பயிற்சி வகுப்பு: கைவேலை வகுப்புக்கு 8-இலிருந்து 12 பேர். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று பார்க்க முடியாது. கட்டணத்தை முழு வகுப்பை வைத்துப் போடாதீர்கள். பத்து இடத்தில் ஐந்து நிரம்பினாலே இடவாடகை, பொருள், உங்கள் நேரம் தேற வேண்டும். நேரக் கணக்கில் தயாரிப்பும் சுத்தம் செய்வதும் சேரும், இரண்டு மணி வகுப்புக்கு நாலு மணி. நீர்வண்ண வகுப்பில் கழுவல் காயும் நேரத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று ஹேர் டிரையர் இருந்தால்தான் அடுத்த படிக்கு எல்லோரும் ஒன்றாகப் போக முடியும்.

கரிக்கோல்:

பொட்டலம் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சேதமாகித் திரும்பும் ஒரு படம் பல விற்பனையின் லாபத்தைத் தின்றுவிடும்.

கித்தான்:

அக்ரிலிக் படத்தின் மேல் குமிழ்த்தாளை நேராகச் சுற்றாதீர்கள். அக்ரிலிக் படலம் சூட்டில் இளகும், குமிழின் வட்டம் வட்டமான தடம் பளபளப்பாகப் பதியும், அதை எடுக்க வழியில்லை. முதலில் கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்), அதன் மேல் குமிழ் வெளிப்பக்கம் பார்க்கக் குமிழ்த்தாள், மூலைகளுக்கு அட்டை முக்கோணம், இரண்டு பக்கமும் பலகை அல்லது நெளி அட்டை, அதன்பின் பெட்டி. பெட்டிக்கும் படத்துக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் பஞ்சு. கித்தானைச் சுருட்டி அனுப்ப வேண்டிவந்தால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் வைத்துச் சுருட்டினால் சாயப்படலம் நெருக்கப்பட்டுச் சுருக்கம் விழும், விரிக்கும்போது அங்கேயே விரிசல் விடும். குழாய் எவ்வளவு பருமனோ அவ்வளவு நல்லது.

உரிமைப்பத்திரம்:

இந்த எல்லா வழிக்கும் பொதுவாக ஒரு பதிவேடு வேண்டும். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1520-21 நெதர்லாந்துப் பயணத்தில் எந்த அச்சை யாருக்கு விற்றார், எதைப் பரிசாகக் கொடுத்தார், சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். உங்களுக்கு வேண்டிய கட்டங்கள்: படத்தின் எண், தலைப்பு, அளவு, ஊடகம், முடித்த தேதி, உயர்தரக் கோப்பு இருக்கும் இடம், அசல் இப்போது எங்கே, யாரிடம், எந்த ஒப்பந்தத்தில், பிரதி எண்ணிக்கையில் எத்தனை போனது, எந்த உரிமை யாருக்கு எந்தத் தேதி வரை. அசல் கைமாறுவதற்கு முன் கோப்பு எடுத்தாகிவிட்டதா என்ற கட்டம் காலியாக இருந்தால் பொட்டலம் கட்டாதீர்கள். விற்ற பிறகு அந்தப் படத்துக்கு அச்சுரிமை உங்களிடம் இருக்கும், அச்சடிக்கக் கோப்புதான் இருக்காது.